ஈட்டி முதலில் தொட்ட இடம்

அன்று மதியம் கள்ளக்குறிச்சி புறவழிச்சாலையில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கருவியை முக்காலியில் ஏற்றி மட்டம் பார்த்து முடித்தபோது போன் வந்தது. என் மனைவியோடு வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர் குமரேசன்.

"சார், பக்கத்துல யாரனா இருக்காங்களா? நீங்க வண்டி ஓட்டிக்கினு வராதீங்க" என்றார்.

எங்கே வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கரியாலூரில் தாய்வீட்டைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் மலை இறங்கும்போது, ஒரு வளைவில், எதிரே ஏறி வந்த சரக்கு வண்டி இடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் என் மனைவி பூங்கொடி போய்விட்டார்.

மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்கள் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு எழுதச் சொன்னார்கள். எல்லாரும் அழச் சொல்கிறார்கள், வரவில்லை. எழுதச் சொன்னால் கை எழுதுகிறது. வீட்டில் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். மைதானத்தில் அவர் நடுவர், நான் அளவுக்காரன். அங்கே 'மேடம்', 'சார்'தான். இந்த மலரைப் படிப்பவர்கள் மைதானத்து மனிதர்கள் என்பதால் அவர் என்றே எழுதுகிறேன்.

நான் சர்வே படித்தவன். சாலைக்கும் பாலத்துக்கும் அளவெடுக்கிற கருவிதான் ஈட்டி எறிதலிலும் தூரம் அளக்கிறது. ஈட்டியின் இரும்பு முனை தரையை முதலில் தொட்ட இடத்தில் ஒரு நடுவர், பிரிசம் என்கிற கண்ணாடி பொருத்திய கம்பியைக் குத்துவார். தூரத்தில் நிற்கிற நான் லென்ஸ் வழியாக அந்தப் பிரிசத்தைப் பிடித்துப் பொத்தானை அழுத்துவேன். ஒரு மாநிலப் போட்டிக்குக் கருவியோடு கூப்பிட்டார்கள். போனேன். கம்பி குத்தியவர் பூங்கொடி. நாள் முழுக்க ரேடியோவில் நாங்கள் பேசியது இவ்வளவுதான்:

"வச்சிட்டேன் சார்."

"எடுத்துட்டேன் மேடம்."

சாயங்காலம் கருவியைப் பெட்டியில் வைக்கும்போது வந்து நின்றார். "இன்னா சார், நாள் பூரா என்னியே பாத்துக்கினு இருந்தீங்க, ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டீங்களா?" என்றார். அடுத்த வருடம் கல்யாணம்.

ஈட்டி பறப்பதை அவர் பார்த்ததே கிடையாது. கூட்டம் முழுக்க வானத்தைப் பார்க்கும். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். விழுந்ததும் பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஓடுவார். மலையில் சாமைக் கொல்லையைக் காவல் காத்ததால் வந்த கண் என்று யாரோ மேடையில் புகழ்ந்தபோது, இறங்கி வந்து என்னிடம் சொன்னார்: "நானா? கொல்லைக்கு அனுப்புனா போர்வைய இழுத்துப் போத்திக்கினு தூங்கிடுவேன். கிளி துன்னதுதான் ஜாஸ்தி."

இன்னொரு பழக்கமும் உண்டு. அளவு எடுத்ததும் அந்தத் தடத்தைக் குதிகாலால் தேய்த்துப் புல்லைச் சமமாக்கிவிடுவார். பழைய தடம் அடுத்த எறிதலுக்குக் குழப்பம் தரக்கூடாது. ஈட்டிக் களத்தில் நிற்கிற நடுவர்களுக்கு மட்டுமே புரிகிற பழக்கம் இது.

சர்வதேச தடகளப் போட்டி நம் நாட்டில் நடந்தபோது எங்கள் இருவரையும் அழைத்தார்கள். ஆண்கள் ஈட்டி எறிதல் இறுதிச் சுற்றில் நம் மாவட்டத்துப் பையன் தினேஷ் இருந்தான். களமருதூரில் கூலி வேலை செய்கிற குடும்பம். பூங்கொடியை அக்கா என்று கூப்பிடுவான். என் மாவட்டத்துப் பையன் என்று தலைமை நடுவரிடம் அவர் முன்பே சொல்லிவிட்டார். பரவாயில்லை, நில்லுங்கள் என்றார் தலைமை நடுவர். பதக்கம் வந்தால் தினேஷுக்கு அரசு வேலை உறுதி என்று ஊரில் எல்லாரும் பேசினார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பெரிய திரை கட்டியிருந்தார்கள்.

கடைசி எறிதலுக்கு முன் அவன் நான்காவது. மூன்றாம் இடத்தில் வெளிநாட்டுப் பையன் ஒருவன். அரங்கம் முழுக்க ஒரே தாளத்தில் கை தட்டியது. தட்டல் வேகமாகி, திடீரென்று நின்றது. லென்ஸில் கண் வைத்திருந்த எனக்கு, தினேஷ் எறிந்துவிட்டான் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. ஈட்டி தாழ்வாக, ஏறக்குறையப் படுத்தபடி வந்ததாகப் பிறகு சொன்னார்கள். டிவியில் மூன்றாம் இடத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஈட்டி புல்லில் குத்தி நின்றது. அரங்கம் எழுந்து கத்தியது.

பூங்கொடி ஓடி வந்தார். நிற்கிற ஈட்டியை எட்டும் முன்பே நின்றுவிட்டார். குனிந்து கம்பியைக் குத்தினார். ஈட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் புல் தெரிந்தது. முனை அங்கே உரசிவிட்டு, எகிறி, முன்னால் போய்க் குத்தியது என்பது அவர் கண்டது.

"வச்சிட்டேன் சார்."

நான் அழுத்தினேன். அரங்கத்தில் எல்லாருக்கும் முன்னால் எண் எனக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் இடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் கம்மி.

"எடுத்துட்டேன் மேடம்."

அவர் கம்பியை எடுத்தார். எப்போதும் போலக் குதிகாலால் தேய்த்தார்.

பலகையில் எண் வந்ததும் எழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. தினேஷ் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய பயிற்சியாளர் எதிர்ப்பு மனு கொடுத்தார். மேல்முறையீட்டுக் குழுவினர் களத்துக்கு இறங்கி வந்து, முனை உரசிய தடம் எங்கே என்று கேட்டார்கள். பூங்கொடி காட்டினார். அங்கே சமமான புல்தான் இருந்தது.

"அழிச்சிட்டேன் சார். எல்லாத்துக்கும் அழிப்பேன், இதுக்கும் அழிச்சிட்டேன்."

வீடியோவைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் அரங்கத்துக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதையில் காத்திருந்தோம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"உங்க லென்ஸ்ல ஏதாவது தெரிஞ்சுதா?"

"பிரிசம் மட்டும்தான் தெரியும்."

"தெரியும். சும்மா கேட்டேன்." களத்தின் பக்கம் திரும்பி, "அப்ப பாத்தது நான் ஒரு ஆளுதான்" என்றார்.

குழு வெகுநேரம் வரவில்லை. தினேஷ் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஈட்டி வழுக்காமலிருக்க அவன் கையில் பூசிய மாவு இன்னும் வெள்ளையாக இருந்தது. கடைசியில் முடிவு வந்தது. முனை தொட்ட நொடியில் இன்னொரு நடுவர் கேமராவை மறைத்திருக்கிறார், வீடியோவில் எதுவும் தெளிவில்லை, எனவே களநடுவர் வைத்த அளவே செல்லும்.

ஊருக்குத் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவில் ஏறியபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ஈட்டிய அழிச்ச அக்காதான நீங்க?"

"ஈட்டிய அழிக்கலண்ணா. தடத்ததான் அழிச்சேன்."

"நம்மூரு பையனுக்கு நாலு வெரலு தள்ளி வச்சா இன்னா கொறஞ்சா பூடும்?"

பூங்கொடி அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை. வீடு வரை அதே ஆட்டோவில்தான் வந்தோம்.

அந்த வாரமே களமருதூர் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. தினேஷின் அம்மா நடவு முடித்து, கால் சேற்றோடு வாசலில் நின்றார்.

"ஒரு சாண் முன்னால வச்சிருந்தா ஒன் கை ஒடஞ்சா பூடும்?"

"ஒடையாதும்மா. ஆனா அந்த இன்னொரு பையனுக்கும் அளவு வச்சது நான்தான். அவனுக்கும் வூட்டுல அம்மா இருப்பாங்க இல்ல."

"அந்த அம்மாவ நீ பாத்தியா? என்னியதான பாக்கற."

தினேஷ் உள்ளேதான் இருந்தான், அவன் செருப்பு வாசலில் கிடந்தது. வெளியே வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவன் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். "குடிச்சிட்டுப் போ. வெயில்ல வந்துக்கீற."

அதற்குப் பிறகும் பூங்கொடி களத்தில் நின்றார். மாவட்டப் போட்டிகளில் தினேஷும் எறிந்தான். எறிந்ததும் ஈட்டி விழுவதற்குள் முதுகைக் காட்டித் திரும்பி நடந்துவிடுவான். அவர் குத்துகிற இடத்தை அவன் ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. வைத்த அளவைப் பற்றிப் பூங்கொடி ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவருக்கு உறுத்தியது வேறு.

"நேருக்கு நேரா வந்து ஒரு தடவ கேட்டுட்டான்னா போதும்" என்பார். "திட்டட்டும், கத்தட்டும். கேக்காம இருக்கறவரைக்கும் நான் திருடுனவ மாரியே கீது."

கரியாலூரில், அவருடைய அப்பாவின் நிலத்து ஓரத்தில் அடக்கம் செய்வதென்று முடிவானது. வாசலில் கிடத்தியிருந்தார்கள். மலைச் சனம், பள்ளிப் பிள்ளைகள், விசில் மாட்டிய ஆசிரியர்கள். எடுக்கப் போகிற நேரத்தில் தினேஷ் வந்தான், அவன் அம்மாவும் கூட. மாலை எதுவும் கொண்டுவரவில்லை. நேராக வந்து, பூங்கொடியின் முகத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா" என்றான். "நெஜமாவே அங்கதான் உழுந்துச்சா?"

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பூங்கொடியின் அண்ணன் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் அம்மா, "டேய், கேக்கற நேரமாடா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"வுடுங்க" என்றேன். "கேக்கட்டும். இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தா."

அவன் என் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "நீங்க பாத்தீங்களாண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"இல்ல தம்பி. நான் பாக்கல. அவங்க பாத்தாங்க."

அவன் மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"செரிண்ணா" என்றான். "அப்ப நாலாவதுதான்."

எழுந்து, யாரையும் கேட்காமல், பாடைக்குத் தோள் கொடுத்தான். முன்பக்கம் இடது மூலை. மற்ற மூவரும் அவன் நெஞ்சுயரம்தான், பாடை ஒருபக்கம் சாய்ந்தது. அவன் முட்டியை மடக்கித் தன்னைத் தாழ்த்திக்கொண்டான். அந்தச் சரிவு முழுக்க, குழி வரைக்கும், மடக்கிய முட்டியோடே நடந்தான். பாடை சாயவில்லை. நான் பின்னால் நடந்தபடி அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்வாருங்கள் பூங்கொடி. அவன் கேட்டுவிட்டான்.