பத்துக் காளைக்கன்றும் ஒரு வேலியும்

காளைக்கன்றைத் தராசில் ஏற்றியிருக்கிறீர்களா? நான் ஏற்றியிருக்கிறேன்!

நாற்பதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. (இப்போது தொண்ணூற்றாறு. டைப் செய்வது நானேதான்!)

சாயர்புரத்தில் டீச்சர் ட்ரெயினிங் முடித்துத் தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தேன். அப்பா இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் இருந்தது பத்துக் காளைக்கன்றுகளும், மழைக்கு விதைத்த கம்புத் தீவனமும்தான். கோடைக்குள் கன்றுகள் தேறாவிட்டால் வண்டிக்கும் உழவுக்கும் யாரும் வாங்க மாட்டார்கள்.

பத்தையும் மொத்தமாக மேயவிடப் போனான் அண்ணன்.

"இவ்வளவும் மேஞ்சா புல்லு தாங்குமாண்ணே?"

"ஏளா, வாய் கூட இருந்தா எடையும் கூடத்தானே வரும்?"

எனக்கும் தெரியாது. அதனால் சோதித்துப் பார்க்க ஆசை!

நிலத்தின் நடுவே உடைமர முள்ளால் வேலி போட்டோம். அவன் பக்கம் ஏழு, என் பக்கம் மூன்று.

துறைமுகம் போகும் வழியில் உப்பு அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று. மூட்டை நிறுக்கும் மேடைத்தராசு அங்கே இருந்தது. தராசுக்கார அண்ணாச்சி சிரித்தார்.

"என்னம்மா, உப்புக்குப் பதிலா மாட்ட ஏத்துமதி பண்ணப் போறியளா?"

அன்றைய எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி நிறுத்தோம். பத்தும் ஒன்றுபோல ஏறியிருந்தன. கூட்டிப் பார்த்தால் அண்ணன் பக்கம்தான் அதிகம்!

"பாத்தியா?" என்றான்.

ஆறாவது வாரம் கதை மாறியது. அவன் பக்கம் கம்பு தரையோடு தரை. ஏழும் நாளெல்லாம் புல் தேடி நடந்தன. எடை நின்றுவிட்டது. ஒரு கன்று ஐந்து ராத்தல் (ரெண்டேகால் கிலோ) இறங்கியே போயிருந்தது.

என் மூன்றும் கொழுகொழு. ஆனால் நானும் ஜெயிக்கவில்லை. தின்ன ஆளில்லாமல் என் பக்கக் கம்பு முற்றிக் காய்ந்த தட்டையாகிவிட்டது. பாதி மிதிபட்டு வீண்!

"ரெண்ட இந்தப் பக்கம் விடுண்ணே."

அவன் கேட்கவில்லை. மூன்று நாள் ஏழு கன்றையும் தன் பக்கமே மேய்த்தான்.

நான்காம் நாள் காலை, வேலியைப் பிரித்து இரண்டு கன்றுகளை ஓட்டி வந்தான், எடை இறங்கியதையும் சேர்த்து.

"இங்கன விடுதேன். நிறுத்துப் பாரு."

அடுத்துப் பெய்த மழையில் அவன் பக்கமும் துளிர்த்தது. ஐந்தும் ஐந்துமாக மேய்ந்தன. மறுபடி எல்லாம் எடை ஏறின. அவன் கன்றுகள் கடைசிவரை என் மூன்றை எட்டவில்லை. ஆனாலும் பத்தையும் நல்ல கன்றுகள் என்றே வாங்கிப் போனார்கள்.

அடுத்த வருடம், விதைப்புக்கு முன்னால், அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"ஏளா, இந்தத் தடவ புதுக் கன்னு வாங்குனா பக்கத்துக்கு எத்தனைய விடலாம்?"

அதுவரை அவன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை.

"தெரியலண்ணே. நாலுல ஆரம்பிப்போமா?"

"சரி" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கே வேலிக்கு முள் வெட்டக் கிளம்பிவிட்டேன், சந்தோஷத்தில்!

மாடு வைத்திருப்பவர்களே, நீங்கள் எதைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்கிறீர்கள்? மாட்டையா, புல்லையா?