விரல் நிமிர்ந்ததை ஒளிச்ச கதை

பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை விடு பாக்கியம். நான் தபால்கந்தோரிலை கை வழங்காத மாதிரி நடிச்சனானாம்! உவள் தன்ரை சொந்த மருமோளைப் பற்றியே போன கிழமை... சரி, அது பேந்து. நீ முதல் என்ரை இடக்கையைப் பார். அஞ்சு விரலும் நிமிருது! பார், பார். வடிவா இருக்கெல்லே?

எனக்குப் பாரிசவாதம் வந்தது தெரியும்தானே, மூளைக்குப் போற ரத்தம் அடைச்சு ஒரு பக்கம் விழுகிற வருத்தம். வாழைக்குப் பாத்தி கட்டேக்கை மண்வெட்டி நழுவிப்போச்சு. நான் மண்வெட்டியைத்தான் பேசினன். கைதான் விழுந்துபோச்செண்டு ஆர் கண்டது?

கை கோழிக்கால் மாதிரிச் சுருண்டிட்டுது. ஏலாதவைக்கு அரசாங்கம் மாதாமாதம் குடுக்கிற உதவிக்காசுக்கு எழுதேக்கை, எனக்குக் கையெழுத்துத் தெரியாதே, இடப்பெருவிரல் வைக்கவேணும். அது மடங்கிக் கிடந்தது. கந்தோர்ப் பிள்ளை வலப்பெருவிரலை வைப்பிச்சுப்போட்டு, இடக்கை வழங்காது எண்டு பக்கத்திலை எழுதினவள்.

அந்தக் காசு முழுக்க ஓட்டோவுக்குத்தான். பஸ் படியிலை என்ரை கால் ஏறாது. கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் எல்லே. போகப் போக விரல் ஒவ்வொண்டாய் நிமிரத் தொடங்கினது. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினன். சத்தம் வரேல்லை, எண்டாலும் தட்டினன்.

என்ரை மகள் மலர் சிரிக்கேல்லை. "எணை அம்மா, வெளியிலை போகேக்கை கையை மடக்கி வையுங்கோ" எண்டாள்.

"ஏனடி?"

"தெரிஞ்சால் காசை வெட்டிப்போடுவினம். பேந்து ஓட்டோவுக்கு எங்கை போறது?"

டொக்டர் ஏற்கெனவே சொன்னவர், பயிற்சியை விட்டால் விரல் திரும்பச் சுருளும் எண்டு. நிமிந்த கையைக் காப்பாத்த, நிமிரேல்லை எண்டு காட்டவேணும்! விரியவேணும் எண்டு பிள்ளையாரிட்டை அழுதனான். பேந்து ஆரும் பாக்கக்கூடாதெண்டு அதே பிள்ளையாரிட்டை அழுதனான். அவருக்கே விசர் பிடிச்சிருக்கும்.

ரெண்டு மாதம் சீலைத் தலைப்புக்குள்ளை ஒளிச்சன். மூண்டாம் மாதம் காசு எடுக்கப் போன இடத்திலை, தபால்கந்தோரிலை மைப்பெட்டியை நீட்டினாங்கள். கலியாணப் பதிவிலை இருந்து காணி உறுதி வரைக்கும் வைச்சுப் பழகின இடப்பெருவிரல், பாக்கியம். நான் நினைக்க முதல் அது போய் மையிலை குந்திட்டுது!

"ஆச்சி, இடக்கை வழங்காதெண்டெல்லோ கிடக்கு?"

"இண்டைக்குத்தான் தம்பி..." எண்டன். பொய்.

விடிய நானே, ஊருக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலர், விதானையாரிட்டைப் போனன். "தம்பி, விரல் நிமிருது. ரெண்டு மாதமாய் ஒளிச்சுப்போட்டன்."

அவர் தன்ரை தலையிலை கைவைச்சார். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஆச்சி. நிமிந்த உடனை வெட்டுறேல்லை. டொக்டர் பாத்து எழுதினால் காணும், காசு நிக்காது."

டொக்டர் பாத்தவர். ஒரு சட்டைப் பொத்தானைப் பூட்டச் சொன்னார், ஏலாது. கண்ணை மூடச் சொல்லி எந்த விரலைத் தொடுறன் எண்டு கேட்டார். அவர் தொட்டதே எனக்குத் தெரியேல்லை. "நிமிருது அம்மா, ஆனால் உணர்ச்சி வரேல்லை, பிடியும் இல்லை" எண்டு எழுதித் தந்தார்.

உதவிக்காசுக் கந்தோரிலை அதை வாங்கி வைச்சிருக்கினம். ஒளிச்ச ஆளெண்டபடியாலை விசாரிக்கவேணுமாம். விசாரணை முடியுமட்டும் காசு இல்லை. நாலு கிழமையாய் ஓட்டோ வரேல்லை. முந்தி இண்டைக்கு என்ன நாளெண்டு மலரைக் கேப்பன். இப்ப விடிய எழும்பி விரலைப் பாக்க எத்தினை நாள் போச்சுதெண்டு தெரியுது. நேற்றை விட இண்டைக்கு இறுக்கம். வலக்கையாலை நானே இழுத்து இழுத்து விடுறன். ஆரோ இரவல் தந்த கை மாதிரி, எப்ப வந்து கேப்பினமோ எண்டு பயமாக் கிடக்கு.

உன்ரை மனிசன்ரை வழங்காத காலுக்கும் உதவிக்காசு கேட்டு எழுதிக் குடுத்திருக்கிறாய். ஒரு பெருவிரல் அசைஞ்சாலும் அண்டைக்கே போய்ச் சொல்லு, டொக்டரிட்டை எழுதின துண்டும் வாங்கி வை. என்னை மாதிரி...

ஐயோ, ஆடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாழைக்குள்ளை போகுது! எழும்பு பிள்ளை, கயிறை ஒரு கையாலை நான் பிடிக்கிறன். மற்றக் கைக்கு நீ வா.