கிழக்கே வாசல் வைத்த ஆட்டுக் கொட்டகை

ஆடு வளர்க்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். அதற்கு முன்னால் ஆட்டுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு.

என் வீட்டுக்காரர் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்குக் கோத்தகிரிக்குக் கிழக்கே, சரிவில், ஒரு ஏக்கர் தேயிலையும் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. எப்போதோ வாங்கிப் போட்டது. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தோம். கோயம்புத்தூரில் வேலையாக இருந்த எங்கள் ஒரே மகனோ, தன் வீட்டு மாடியில் எங்களுக்கென்று ஒரு அறை கட்டி, வெள்ளையடித்து, ஃபேன்கூட மாட்டி வைத்துவிட்டான். "அந்தக் குளிர்ல ரெண்டு பேரும் என்ன பண்ணப் போறீங்க? பேசாம வந்துருங்க" என்பான்.

எனக்குப் போக இஷ்டமில்லை. மருமகள் தங்கமானவள். அதனால்தான் பயமே. "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று உட்காரவைத்தே என்னைக் கொன்றுவிடுவாள். என் வீட்டுக்காரர் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் அப்படித்தான். யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட, 'உப்பு கொண்டா' என்று ஒரு வார்த்தை வராது. எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டு வருவார்.

புது ஊரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. காலையில் பேப்பரைக் கடைசி விளம்பரம் வரை படித்துவிட்டு வாசலில் போய் நிற்பார். மத்தியானமும் நிற்பார். அந்த நிற்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், "ஏனுங்க, ஆடு வளர்க்கலாமுங்க" என்றேன்.

"ஆடா?"

"ஆடுதானுங்க. யானையா வளர்க்கச் சொன்னேன்?"

மகனிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தான். "சரிங்கம்மா. தீபாவளிக்குள்ள ஆடு வந்து கொட்டாய்ல நிக்கோணும். இல்லீன்னா, நான் தீபாவளிக்கு வர்றப்போ பெட்டியோட கெளம்பிரோணும். சம்மதமுங்களா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆகட்டும்டா" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அளக்கிற டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவரை வாசலில் நிற்கவே நான் பார்க்கவில்லை. சரிவில் கற்பூர மரக் கால்கள் நட்டு, ஆடு நிற்க இடுப்புயரத்துக்குப் பரண் போட்டார். பரணுக்குப் பலகையை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் புழுக்கை கீழே விழாது, கூடினால் ஆட்டின் கால் மாட்டிக்கொள்ளும். யாரையாவது கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்பாரா? நான் சுண்டலுக்கு வைத்திருந்த கொண்டைக்கடலையை ஒரு டம்ளர் அள்ளிக்கொண்டு போய், பலகை மேல் கொட்டி, எத்தனை விழுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ கடவுளே, ஆடு வர்றதுக்கு முன்னாலயே இவருக்குக் கழண்டு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சுண்டல் இல்லை.

எங்கள் நிலத்துக்குக் கீழே ஒரு படுகர் வீட்டம்மாவின் கேரட் தோட்டம். எங்கள் வயதுதான். வாய் என்னைவிடப் பெரிது. வேலியோரம் நின்று, "ஏம்மா, உங்க ஆடு என் கேரட்டுல வாய வெச்சா, ஆட்டைக் கட்டிப்போட மாட்டேன், உன்னைத்தான் கட்டிப்போடுவேன்" என்பார். "கட்டிப்போடுங்க, மூணு வேளையும் சோறு போட்டா சரி" என்பேன். நான் என் பங்குக்கு, நிலத்தோரம் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியையெல்லாம் வேரோடு பிடுங்கினேன். அந்த இலையைத் தின்றால் ஆட்டுக்கு ஆகாதாம். கையெல்லாம் முள் கீறி, ஒரு வாரம் புளி கரைக்கும்போதெல்லாம் எரிந்தது.

கொட்டகைக்கு மேற்குச் சுவரை அவர் கோட்டை மாதிரி கட்டினார். பலகை, அதற்கு மேல் தகரம், இடுக்கில் தார். கிழக்குப் பக்கம் வாசல் வைத்து, சிறுத்தை வராமல் கம்பி வலை மட்டும் அடித்தார். "காலைல வெயில் நேரா உள்ள உழுகும் பாரு" என்றார். கூடலூர்ப் பக்கத்தில் ஆனி, ஆடி மழை மேற்கேயிருந்து சாய்ந்து வந்து அறையும். அங்கே மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தவர் யாருமில்லை. அந்தப் பழக்கம் எங்கள் இரண்டு பேர் ரத்தத்திலும் ஊறியிருந்தது. நானும் சரி என்றுதான் நினைத்தேன். வாசல் கால்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம்கூட வைத்தேன்.

ஆடி வந்தது. மேற்கேயிருந்து கொஞ்சம் காற்று, கொஞ்சம் தூறல், அவ்வளவுதான். "பாத்தியா புள்ள, ஒரு சொட்டு உள்ள வரல!" என்று அந்த மனிதர் தகரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மலையடிவாரத்தில் ஒருவரிடம் இரண்டு பெட்டை ஆடுகளுக்குச் சொல்லி வைத்தோம். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கொண்டு வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் ஐப்பசி மழை பிடித்தது. கிழக்கேயிருந்து. பள்ளத்தாக்கிலிருந்து காற்று மழையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது. கம்பி வலை வழியாக நேரே உள்ளே. பரண் இடுக்கு வழியாகக் கீழேயிருந்து மேலே. மழை மேலே பார்த்துப் பெய்வதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். மேற்குச் சுவர் மட்டும் காய்ந்து கிடந்தது, வெளிப்பக்கம்.

கேரட் தோட்டத்தம்மா குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "இங்க இதுதானம்மா பெரிய மழை. கிழக்கிருந்துதான் வரும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" என்றார். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து மலையடிவாரத்துக்காரருக்குப் போன் போட்டு, ஆடு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "தீபாவளியன்னிக்கு மட்டுமாவது கொண்டு வந்து நிறுத்துங்க. சமையல்கட்டுலகூடக் கட்டிக்கலாம். அவன் பாத்துட்டுப் போனதும் வேணும்ங்கறதைச் செய்யுங்க" என்று கத்தினேன்.

"ஈரத்துல நின்னா நெஞ்சுல சளி கட்டிச் செத்துப்போகும். உன்ற பந்தயத்துக்கு அதுக சாகோணுமா?" என்றார். வடைப் பருப்பை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

தீபாவளியன்று மகன் பலகாரப் பெட்டியும் புதுத்துணியுமாக வந்தான். சொட்டச் சொட்ட நின்ற காலிக் கொட்டகையைப் பார்த்தான். கேலி செய்வான் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவனோ நேரே வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "பெட்டி கட்டிரலாமுங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். கொடுத்த வாக்கு. ட்ரங்குப் பெட்டியை இழுத்து வைத்துச் சேலைகளை மடிக்க ஆரம்பித்தேன். அழுகை அழுகையாக வந்தது.

வெளியே படீரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இந்த மனிதர் புது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மழையில் நின்று, கடப்பாரையால் மேற்குச் சுவர்த் தகரத்தை நெம்பிக்கொண்டிருந்தார்.

"விடுங்கப்பா! அதான் தீபாவளி வந்துருச்சே. இனி எதுக்குங்க?" என்று மகன் அவர் கையைப் பிடித்தான்.

அவர் உதறினார். "அங்க வந்து நான் என்னடா பண்றது? ஃபேனுக்குக் கீழ உக்காந்து அது சுத்தறதையே பாக்கறதா? இங்க ஒரு ஆடு பசின்னு கத்துச்சுன்னா, என்னையப் பாத்துத்தான்டா கத்தும்!"

அத்தனை வார்த்தையைச் சேர்ந்தாற்போல் அவர் பேசி நான் கேட்டதில்லை. மகனும் கேட்டதில்லை போலும். அதற்குள் தகரம் ஒரு பக்கம் கழன்று காற்றில் எழும்பியது. "புடிடா அந்தப் பக்கம்!" என்று அதட்டினார். அவன் பாய்ந்து பிடித்தான்.

பெட்டியில் மடித்து வைத்த சேலைகளைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தேன். அப்பாவும் மகனும் இருட்டும் வரை தகரத்தைக் கிழக்கே கொண்டுபோய் அடித்தார்கள், பரணுக்குக் கீழே காற்றுப் பக்கம் பலகை மறைத்தார்கள், வாசலை மேற்கே திருப்பினார்கள். ஒருவர் ஆணி அடிக்க, இன்னொருவர் வைய, ஒரே ரகளை. நான் சூடாக வடை போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மகன் சொன்னான்: "அப்பா எனக்கு ஒரு வேலை சொல்லி நான் கேட்டதே இல்லீங்கம்மா. நேத்துத்தான் 'புடிடா'ன்னாரு." பஸ் படியில் கால் வைத்தவன் திரும்பி, "ஆடு கொண்டு வர்றப்போ நானும் வரட்டுங்களா?" என்றான்.

"வா சாமி. அப்பாகிட்டச் சொல்றேன்."

"வேண்டாமுங்க. நீங்க சொல்லீராதீங்க. அவரே கூப்புடட்டும்."

என் வாயில் ஒரு சேதி தங்குவது லேசான காரியமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மழை விட்டது. பரண் காய்ந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர், "நாளைக்குப் போய் ஆட்டை ஏத்திட்டு வந்தர்றேன். வண்டிக்காரன் இருக்கான், நான் இருக்கேன், போதும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பாத்திரங்களை உருட்டி உருட்டிக் கழுவினேன்.

சற்று நேரம் கழித்துச் சமையல்கட்டு நிலைப்படியில் வந்து நின்றார். "ஏம்புள்ள, கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பறப்போ, ரெண்டு ஆட்டையும் ஒருத்தனே புடிச்சுக்க முடியுமா?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்ப் போனை எடுத்தார். "சாமி, அப்பா பேசறேன்" என்றார். இருமினார். "ஆடு கொண்டாரோணும். ஒரு கை கொறையுதுடா."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. "இப்பவேவா? வேண்டாம்டா, வேண்டாம்டா" என்றார் இவர். "காலைல வந்தாப் போதும்."