பூந்திக்கொட்டை ரசம்

ஞாயிற்றுக்கிழமை சமையல் எங்கள் வீட்டில் அவருடையது. கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். வாரம் முழுக்க பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு கடைகிற மனிதருக்கு ஞாயிறன்று ரசம் வைப்பதில் ஒரு சுகம். அடுப்படிப் பக்கம் என்னை விடவே மாட்டார். எனக்கும் அதில் ஆட்சேபணை கிடையாது. சனிக்கிழமையே புளியைக் கரைத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

மகள் நாலாவது படிக்கிறாள். மழை தொடங்கிய சமயம் அவள் விரல் இடுக்குகளும் மணிக்கட்டும் சிவந்து, வறண்டு, வெடிக்க ஆரம்பித்தன. அரிப்பு தாங்காமல் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, துணி துவைக்கிற பவுடர் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, "இது ஒட்டாது கண்ணு. நீ யார் கையை வேணும்னாலும் பிடிக்கலாம்" என்றார்.

அவள் நம்பவில்லை. பள்ளியில் வட்டமாகக் கை கோத்து விளையாடும்போது பக்கத்தில் நின்ற பெண் "ச்சீ" என்று கையை இழுத்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து இவள் கைகள் ஸ்வெட்டர் பாக்கெட்டை விட்டு வெளியே வருவதில்லை. ரோடு தாண்டும்போதுகூட என் துப்பட்டா நுனியைத்தான் பிடிப்பாள். அந்தப் பெண் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை மேல் ஆத்திரப்படலாமா என்று கேட்டால், படலாம். நான் பட்டேன்.

அந்த வேகத்தில்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று கிளம்பினேன். ராஜாஜிநகரில் நான் பில் போடுகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரிலேயே ஓர் ஆர்கானிக் கடை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வெட்டிவேர் வாசனை. மூங்கில் பிரஷ், செக்கு எண்ணெய், இயற்கை சலவைத் திரவம் என்று கூடை நிறைய எடுத்துவிட்டேன். கூட வந்திருந்த அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி விலையைப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பூமியக் காப்பாத்தலாம்மா. மொதல்ல மாசக் கடைசியக் காப்பாத்தணுமே" என்றார்.

கடைக்காரப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும். எனக்கு மானமே போயிற்று. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. எடுத்ததையெல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தோம். சலவைத் திரவத்தை வைக்கும்போதுதான் பாட்டிலில் எதில் செய்தது என்று போட்டிருந்ததைப் படித்தேன். முதல் பெயரே பூந்திக்கொட்டை. இதற்கா இந்த விலை என்று அங்கேயே முணுமுணுத்தேன். நேராக ஸ்ரீராமபுரம் போய், நாட்டு மருந்துக் கடையில் ஒரு பை நிறைய வாங்கினோம். "நொரெ கம்மி பருத்தெ அக்கா" என்று, நுரை குறைவாகத்தான் வரும் என்பதைக் கன்னடத்தில் முதலிலேயே சொல்லிவிட்டார் கடைக்காரர். நுரை யாருக்கு வேண்டும்?

எல்லாவற்றையும் மாற்ற முடியாது, அவள் தோலில் படுகிற துணியை மட்டும் மாற்றுவோம் என்று முடிவானது. கொட்டைகளை ஊறவைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, புளி டப்பாவின் ஜோடி டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வேன். வீட்டுத் துணி மொத்தமும் மெஷினில் அந்தத் தண்ணீரில்தான். நாள் போகப் போக அவள் கையில் புதுத்தோல் வந்தது. ஆனாலும் பாக்கெட்டை விட்டுக் கை வெளியே வரவில்லை. அதுதான் என்னை அறுத்தது. தோல் ஆறிவிட்டது, அவள் ஆறவில்லை.

அவருடைய நீல யூனிஃபார்ம் மட்டும் பூந்திக்கொட்டைக்கு மசியவில்லை. மெஷின் ஆயில் கறை அப்படியே இருந்தது. என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே ஒருநாள், "கம்பெனியிலயே தொவைக்க ஏற்பாடு பண்ணிட்டாங்க" என்றார். அந்தக் கம்பெனிக்கும் நல்ல புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சரியான ஜலதோஷம். மூக்கு வேலை செய்யவில்லை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், இங்க வாயேன்! ரசம் ஏன் இப்டிப் பொங்குது?"

ஓடிப் போய்ப் பார்த்தால் பாத்திரத்தின் மேல் வெள்ளை வெளேரென்று நுரை மலை. தக்காளியும் கொத்தமல்லியும் அதில் மிதந்துகொண்டிருந்தன. ஃபிரிட்ஜைத் திறந்தேன். புளித்தண்ணீர் டப்பா பத்திரமாக உள்ளேயே இருந்தது. அதன் ஜோடி டப்பாவைக் காணோம். நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

"தொவைக்கிற தண்ணியிலயா ரசம் வெச்சீங்க?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! நானும் சிரித்தேன். அவர் அசடு வழிய அடுப்பை அணைத்துவிட்டு, மேடையில் வழிந்திருந்ததை வெறும் கையால் வழித்தார். உடனே "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

சுட்டுக்கொண்டாரோ என்று கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தேன். சூடு இல்லை. மிளகாய்க் காரம். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, வறண்டு, வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புகளை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், சின்னக் கையில்.

"என்ன இது?"

"ஒன்னுமில்ல, விடு."

"கம்பெனியில யாரு தொவைக்கறாங்க?"

அவர் குழாயை மூடினார். "ஷெட்டுக்குப் பின்னாடி குழா இருக்குது. தரை கழுவுற பவுடரு சும்மாவே கெடைக்குது. அந்த ஆயில் துணி வீட்டுக்கு வந்தா நீ மறுபடி பவுடர் போடணும். அதே மெஷின்தானே? பாப்பா கை இப்பத்தான் ஆறுது."

திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். நாளையிலிருந்து யூனிஃபார்ம் வீட்டுக்கு வரவேண்டும், தனி வாளியில் கையுறை போட்டுக்கொண்டு நானே பிரஷ்ஷால் தேய்ப்பேன், இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றேன். "சரி தாயே" என்றார். இப்படியும் ஒரு மனிதரா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மகளின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய களிம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். விலை அதிகம் என்று தெரிந்து, அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிச் சிக்கனமாக அவள் போட்டுக்கொள்கிற ட்யூப். அதைத் தாராளமாகப் பிதுக்கினாள். ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிவிட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். அவர் கூச்சத்தோடு பின்னால் இழுத்தார்.

"வேணாம் பாப்பா. அப்பா கை நல்லால்ல."

"இது ஒட்டாதுப்பா" என்றாள் மகள். "நீங்க யார் கையை வேணும்னாலும் பிடிக்கலாம்."

சொல்லிவிட்டு, அவர் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.