மதில் முடியும் இடத்தில் கிடைத்த பதில்

அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தால் உரிய காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. முடிவு எடுக்கப்படாவிட்டால், "உமது கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது" என்று ஒரு வரியாவது போக வேண்டும். பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற நான் இந்த விதியைப் பலருக்கு ஓதியிருக்கிறேன். ஆண்டவர் இதைக் கேள்விப்பட்டிருந்ததாகத் தெரியவில்லை.

2023 நவம்பர் மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் முறிந்தது. தை பிறந்த பிறகு பிளாஸ்டரைக் கழற்றி, எலும்பு பொருந்திவிட்டது என்றார்கள். எலும்புக்குத் தெரிந்த செய்தி காலுக்குத் தெரியவில்லை. நின்றால் ஆடியது.

என் மனைவி திரேசம்மாவுக்குக் கண் அழுத்த நோய். வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தினமும் காலைப் பூசைக்கு வருவாள். கோயில் எங்கள் ஒழுங்கையின் அந்தலையில், தெரு முடியும் இடத்தில்தான். பிளாஸ்டர் கழற்றியதும் ஒருமுறை முச்சக்கரவண்டியில் போனோம். வாசலில் இறங்கி மணல் முற்றத்தைக் கடக்கும்போது நான் சரிந்தேன், அவளையும் இழுத்து விழுத்தினேன். அதோடு போக்கு நின்றது. வேறு யாரோடாவது போகச் சொன்னால் கேட்கமாட்டாள்.

"உங்களை வீட்டிலை விட்டிட்டு நான் போய் ஆண்டவரிட்டை என்னத்தைக் கதைக்கிறது?"

கோயில் மணி அடிக்கும்போது முக்காடு போட்டபடி கட்டில் ஓரத்தில் இருப்பாள். என்னால் அதைத்தான் பார்க்க முடியவில்லை. இரவில் அழுதேன். ஓட வேண்டாம், சைக்கிள் ஓட வேண்டாம், அவள் பிடித்து நடக்க ஒரு கையும் அதற்குக் கீழே ஆடாத ஒரு காலும் தாரும் என்று மன்றாடினேன். பதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ் ஒரு நடை காட்டினார். "குதிக்கால் மற்றக் காலின்ரை விரலை முட்ட வேணும் ஐயா. கோட்டிலை நடக்கிற மாதிரி, ஆறுதலா. சுவர் கைக்கெட்ட இருக்க வேணும், பக்கத்திலை ஒராளும் நிக்க வேணும்."

எங்கள் வீட்டு வாசல் படலைக்கு எதிரே கோயில் மதில் தொடங்குகிறது. கோயில் வாசல் வரை கொங்கிறீட் ஒழுங்கை. பக்கத்தில் நிற்க திரேசம்மா வந்தாள். நான் அவசரக்காரன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே தன் செபமாலையைக் கையில் எடுத்தாள், என்னுடையதை என் சட்டைப்பையில் போட்டாள். "அருள் நிறைந்த மரியே" என்று அவள் முன்பாதி சொல்ல ஒரு கால், நான் பின்பாதி சொல்ல மறுகால். பின்பாதியை நான் விழுங்கினால் அடுத்ததைத் தொடங்கமாட்டாள்.

தோளில் வலையோடு கடலுக்குப் போன அந்தோனி நின்று பார்த்தான். "ஐயா, வள்ளத்துக்கை உப்பிடிக் காலை ஒட்டி வைச்சால் நேரை கடலுக்கைதான்!"

"நான் கரையிலை நடக்கத்தான் பழகிறன்."

"அதுவும் சரிதான். கரைதான் கூட ஆடும்."

அடுத்த வீட்டுப் பிலோமினா அக்கா வேறு விதமாக விளங்கிக்கொண்டா. "ஆருக்கு நேர்த்தி ஐயா?"

"கணுக்காலுக்கு."

"சொல்லக் கூடாதெண்டால் விடுங்கோவன். சொன்னால் பலிக்காதுதானே."

மறுநாள் மாலை, விசா கிடைக்காமல் நிற்கும் மகனுக்காக அவவும் எங்கள் பின்னால் குதிக்காலும் விரலும் முட்ட நடந்து வந்தா. அந்த வாரமே இன்னும் சிலர் சேர்ந்தார்கள். பின்பாதியை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எந்த ஆயரும் அங்கீகரிக்காத பக்தி முயற்சிக்கு நான் தலைவனாகிவிட்டேன். பங்குத்தந்தையிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார்.

"கோயில் மதிலோடை செபம் சொல்லி நடக்கிறவையை நான் எந்தச் சட்டத்தாலை மறிக்கிறது ஐயா?"

எனக்கும் ஒரு சட்டமும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு மாலை கால் மடிந்து மதிலில் தொங்கினேன். தர விருப்பமில்லையென்றால் அதையாவது சொல்லும் என்று ஆண்டவரிடம் கோபித்தேன். மறுநாள் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் படலையில் பிலோமினா அக்காவின் குரல் கேட்டது. "ஐயா, வாறியளோ? நாங்கள் நிக்கிறம்." நேர்த்தியை இடையில் விட்டவன் என்ற பெயரோடு இந்த ஊரில் வாழ முடியாது. போனேன். தவறாமல் போனேன். பயிற்சிதானே காலைத் தேற்றியது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் என்னைப் போன்ற ஒருவனை நாள்தோறும் அந்த மதிலடிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

தவக்காலத்து வெள்ளி ஒன்றில் மதில் முடியும் இடத்துக்கு வந்தோம். சிலுவைப்பாதைக்கு மணி அடித்தது. பின்னால் வந்தவர்கள் உள்ளே போனார்கள். முன்னால் மணல் முற்றம். நான் அடியெடுக்காமல் நின்றேன்.

"திரும்புவம்," என்றேன்.

"ஏன்?"

"சுவர் முடிஞ்சுது."

"இஞ்சாருங்கோ, நீங்கள் சுவரை விட்டுக் கன நேரம். அந்தக் கையிலை உங்கடை செபமாலை கிலுங்கிறது எனக்குக் கேக்குதெல்லோ."

கையைப் பார்த்தேன். செபமாலை அதில்தான் இருந்தது. மறுகையின் முழங்கையைத் திரேசம்மா பிடித்திருந்தாள், என்னைத் தாங்க அல்ல, பழையபடி தன்னைக் கூட்டிப்போக. நன்றி ஆண்டவரே என்று மனதுக்குள் சொல்லி, மணலில் காலை வைத்தேன்.

இப்போது தினமும் காலைப் பூசைக்கு இருவரும் நடந்தே போகிறோம். மாலையில் மதிலோரம் புதிதாக வருபவர்களுக்கு நான் பின்பாதி சொல்கிறேன். முன்போல் எவரையும் அவசரப்படுத்துவதில்லை. அன்பான சகோதரரே, சகோதரிகளே, கேளுங்கள். பதில் காணவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள், நம்பி அடுத்த காலை எடுத்து வையுங்கள்.

மணலைக் கடந்து, அவளும் நானும் விழாமல் கோயில் படியேறிய திகதி, 2024 மார்ச் 22.