லோரியானாவின் ஸ்கோப்பும் குழுவின் வாணலியும்

அந்த வேட்டைப் பருவத்தில் லோரியானா இரண்டு முறை வாணலி மாட்டியிருந்தாள். காட்டுப்பன்றியைச் சுட்டுத் தவறவிட்டவர் யாராக இருந்தாலும், கொட்டகையில் மதியச் சாப்பாடு முடியும்வரை கழுத்தில் அந்தப் பழைய இரும்பு வாணலியைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். அது வேட்டைக்குழுவின் சட்டம். கனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சூப் குடிக்கக் குனியும்போதெல்லாம் கிண்ணத்தில் இடித்து 'டங்' என்று ஊருக்கே அறிவிக்குமே, அதைத்தான் தாங்க முடியாது.

லோரியானாவுக்கு அறுபத்தொரு வயது. ஊரின் ரொட்டிக்கடை அவளுடையது. பதினைந்து பேர் கொண்ட குழுவில் அவள் ஒருத்திதான் பெண். துப்பாக்கியோடு காத்து நிற்கும் இடங்களில் ஏழாம் நிலை பத்தொன்பது ஆண்டுகளாக அவளுக்கு. ஓடைக்கு மேலே, கார்க் மரத்தடியில், பன்றிகள் கடந்தே ஆகவேண்டிய இடம் அது. இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"மூணாவது தடவையும் வாணலி மாட்டினா, ஏழாம் நிலை என் மருமகனுக்கு," என்றான் ஃபோஸ்கோ. குழுத் தலைவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். "நீ நாய்ங்களோட பன்னி விரட்டப் போ."

"உன் மருமகனுக்கா? வாசல்ல நிக்கிற காரையே ரெண்டு தடவ தேடுறவன்."

"அவன் தேடுறான். நீ சுடுற. எது ஆபத்து?"

குறிபார்க்க அவள் துப்பாக்கியில் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி இருந்தது. மற்றவர்களுக்கு அது புள்ளி. அவளுக்கு அது திராட்சைக் கொத்து. எந்தப் பழத்தைப் பன்றிமேல் வைப்பது? மூன்று முறை பேட்டரி மாற்றினாள். கடைசியில் கண் டாக்டர்தான் சொன்னார்: கருவியில் கோணல் இல்லை, உங்கள் கருவிழியில் இருக்கிறது. கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ரொட்டிக்கடையில் அது உதவியது. ஈரமான நவம்பர் காட்டில் ஒரு மூச்சு விட்டால் போதும், கண்ணாடி முழுக்கப் பனி.

வெள்ளிக்கிழமை க்ரோஸெத்தோ நகரத்துக்கு பஸ் ஏறினாள். துப்பாக்கிக்கடைக்காரர் எல்வியோ எழுந்து வந்தார்.

"என்ன வேணும் லோரியானாம்மா?"

"முந்நூறு யூரோவுக்குள்ள ஒரு கண்ணு."

"நான் ஸ்கோப்தான் விக்கிறேன். கண்ணுன்னா எதிர்த்த மருந்துக்கடையில கேட்டுப் பாருங்க."

மேசையில் இருந்த தொலைநோக்கி ஸ்கோப்புகளிலேயே பெரியதை எடுத்து, அவள் அந்த மருந்துக்கடையையே பார்த்தாள். "அடடா! அந்தப் பொண்ணு நகப்பூச்சுகூடத் தெரியுது!"

"முப்பது மீட்டர்ல பன்னி ஓடினா அதுல முடி மட்டும்தான் தெரியும். தல எந்தப் பக்கம்னு பன்னியத்தான் கேக்கணும்." அதை வாங்கி வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை நீட்டினார். "ஒண்ணுலேந்து நாலு மடங்கு. போதும். வெளிச்சப் புள்ளி உங்க கண்ணுல சிதறும். இது கண்ணாடியில செதுக்கின கோடு. கொஞ்சம் தடிச்சாலும் கோடாவே இருக்கும். பின்னாடி இருக்கே இந்த வளையம், இத உங்க கண்ணுக்குத் தக்க வச்சுக்கணும். வானத்தப் பாருங்க, திருப்புங்க, கோடு பளிச்சுன்னு ஆனதும் விட்டுடுங்க."

"இருநூத்தி நாப்பதுதானா? என்ன கொற இதுல?"

"பொழுது சாஞ்சா கொஞ்சம் இருட்டா காட்டும்."

"பொழுது சாஞ்சா ரொட்டிக்காரி தூங்கிருவா. குடுங்க."

சனிக்கிழமை துப்பாக்கிப் பயிற்சித் திடலில் சுட்டுப் பார்த்தாள். ஐந்து குண்டும் ஒரு காபித் தட்டுக்குள் அடங்கின.

ஞாயிறு காலை கொட்டகையில் கிராப்பாச் சாராயம் ஊற்றிய காபி சுற்றி வந்தது. கூடவே லோரியானாவின் காலித் துப்பாக்கியும் கைக்குக் கை சுற்றியது. அந்தக் குழுவில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்; கண்ணாடி போட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் பருந்துப் பார்வையாம்.

"என்ன மங்கலா இருக்கு?" என்று ஒருவர் வளையத்தைத் திருப்பினார். "மலிவுச் சரக்கு," என்று அடுத்தவர் எதிர்ப்பக்கம் திருப்பினார். பதினான்கு பருந்துகள் பார்த்து முடித்தன. சும்மா பார்க்கிறார்கள் என்று நினைத்து, லோரியானா தான் கொண்டுவந்த ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு நாய்கள் குரைத்தன. ஏழாம் நிலைக்குக் கீழே புதர் அசைந்து இரண்டு பன்றிகள் வெளியே வந்தன. லோரியானா ஸ்கோப்பில் கண் வைத்தாள். உள்ளே பால். பாலில் இரண்டு முடிபோலக் குறிக்கோடுகள்.

விரல் விசையருகே போனது. சுட்டால் வாணலி நிச்சயம். பன்றிகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்களோ, அதுவும் தெரியாது. விரலை எடுத்துவிட்டாள். இரண்டும் அவள் முன்னாலேயே ஓடையைத் தாண்டிப் போய்விட்டன.

அப்போதுதான் எல்வியோ சொன்னது நினைவுக்கு வந்தது. வானத்தைப் பார்த்து வளையத்தைத் திருப்பினாள். திருப்பினாள், திருப்பினாள், திருப்பிக்கொண்டே இருந்தாள். யாரோ அதைக் கடைசிவரை முறுக்கியிருந்தார்கள். கோடுகள் பளிச்சென்று எழுந்த நேரம், மூன்றாவதாக ஒரு கிழப்பன்றி வந்து ஓடையோரம் நின்று மோப்பம் பிடித்தது. ஒரே குண்டு.

மதியம் ஈரல் பொரிந்துகொண்டிருந்தது. ஃபோஸ்கோ விடவில்லை. "ரெண்டு முன்னாடி போச்சாமே? ஏன் சுடல?"

"ஸ்கோப்பு வளையத்த யாரோ கடைசி வரைக்கும் முறுக்கி வச்சிருந்தாங்க. கடைசியா யாருப்பா பாத்தது?"

குழுவில் மூத்தவரான நேதோ மென்றுகொண்டே சொன்னார்: "நம்ம தலைவர்தான். 'இப்பதான் பளிச்சுன்னு இருக்கு, நான் சரி பண்ணிட்டேன்'னு பெரும வேற."

எல்லாத் தலைகளும் ஃபோஸ்கோ பக்கம் திரும்பின. கடைசிவரை முறுக்கினால்தான் ஒருவனுக்குப் பளிச்சென்று தெரியும் என்றால் அவன் கண் எப்படிப்பட்டது என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள்.

"சுட்டுத் தவறவிட்டாத்தான் வாணலி. அதுதான் சட்டம்," என்றான் ஃபோஸ்கோ.

"டேய், நீ சுடாமலே ரெண்டத் தவறவிட்டிருக்க," என்று நேதோ வாணலியை அவன் கழுத்தில் மாட்டினார்.

டங்.

ஈரல் தட்டு வந்தபோது ஃபோஸ்கோ மெல்ல லோரியானா பக்கம் சாய்ந்தான். "அந்தக் கண் டாக்டர்... எந்தத் தெரு?"

"எழுதித் தரேன். மருமகனையும் கூட்டிட்டுப் போ," என்றாள் லோரியானா. பிறகு, அவனுக்குப் படிக்கத் தோதாக, கொட்டை எழுத்தில் எழுதினாள்.