குலசேகரம் ரப்பர் தோட்டத்தில் ஒரு காலை எடுத்துச் சாடிய கதை

2014 பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் குலசேகரம் போயிருந்தேன். மவுண்டன் பைக்கில் தாவும்போது அந்தரத்தில் ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்து, தரை தொடும் முன் திரும்ப வைக்கும் வித்தையைப் பழகத்தான் இந்தப் பயணம். முந்தைய வருடம் இதைச் செய்யப் போய், பெடலில் ஊன்றிய கால் வழுக்கி, தோள் எலும்பை முறித்துக்கொண்டவன் நான். அதன்பின் கால் பெடலை விட்டு வர மறுத்தது. இந்த முறையும் முடியாவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். சொன்னது வாய்தான், மனசு இல்லை.

ரயில் காலை ஆறு மணிக்கு நாகர்கோவில் சேர்ந்தது. அங்கிருந்து லோடு ஆட்டோவில் குலசேகரம், ஒன்றேகால் மணி நேரம், 600 ரூபாய். சைக்கிளில் இத்தனை கியர் வைத்தவன் ஒரு மோட்டாரையும் வைத்திருக்கலாமே என்று டிரைவர் வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

நண்பன் ஜெபினின் ரப்பர் தோட்டம் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி மரம் வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டின் விளிம்பில் இரண்டடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து எனக்கு மேடை செய்து தந்தான். ஒரே நிபந்தனை: விடியலில் மரத்தைச் சீவி, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் வடிகிற பாலை எடுத்து முடிக்கும் பத்தரை மணி வரை சைக்கிள் இறங்கக் கூடாது.

இரண்டு நாளும் தாவினேன், கால் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை எனக்கு ரயில். பொறுமை இல்லாமல் எட்டரைக்கே இறங்கினேன். காய்ந்த இலையில் சக்கரம் வழுக்கி, மூன்று மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்தேன். வலது ஷூ முழுக்கப் பால்.

பால் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா வந்து பார்த்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு வார்த்தை திட்டாமல் சிரட்டைகளை நிமிர்த்தி வைத்தார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீதி மரங்களுக்கு அவருடைய வாளியைச் சுமந்தேன். ஜெபின் சும்மா விடவில்லை.

“மக்கா, பாலு எடுக்காம சாடப்பிடாதுண்ணு ஒனக்கு எத்தன தடவ சொல்லணும்?” என்றான். தாவுவதை அங்கே சாடுவது என்பார்கள்.

பதினொரு மணிக்குச் சாடினேன். எப்போதும் எடுக்கப் பார்க்கிற வலது கால் இப்போது நிஜமாகவே பெடலில் ஒட்டிக்கொண்டது. தடுமாறிப் புதரில் போய் நின்றேன். ஜெபின் விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“அண்ணா, பாலு பட்ட காலு எங்கயும் போவாது. அதையே ஏன் இழுக்கிய? மத்த கால எடுங்க,” என்றார்.

ஊன்றுகிற கால் வழுக்காது என்று தெரிந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. மேடை, காற்று, இடது கால் தானாக வெளியே போய்த் திரும்பி வந்தது. இறங்கியதும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போன் செய்து, சைக்கிளை விற்கவில்லை என்றேன். அன்று இன்னும் பதினொரு முறை சாடினேன். நடுவில் எப்போதோ ஷூவில் இருந்த பால் உரிந்துபோயிருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் வெயில் இதம், ஆனால் உதிர்ந்த இலை வழுக்கும், சாடும் இடத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட், முழங்கால் காப்பு கட்டாயம். தோட்டக்காரரின் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். பால் எடுத்து முடியும்வரை காத்திருங்கள். நான் காத்திருக்கவில்லை. காலை உழைப்பில் மூன்று மரத்துப் பாலை என்னால் மண்ணில் இழந்த பெண், என்மேல் கோபப்பட வேண்டிய நேரத்தில், என் காலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.